பிட்டும் கிபனிற்சாவும் – அடுக்குணவு பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

ஒரு சமுதாயத்தின் இலக்கியமும் சமயமும் கூத்தும் ஆராயப்படுகின்ற அளவிற்கு அதன் அடுக்களை ஆராயப்படுவதில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டால், வடமோடி தென்மோடிக் கூத்துக்களும் கண்ணகி வழக்குரையும் தாய்வழிக் குடிமுறையும் அறிஞர்தம் கவனத்தைக் காத்திரமான முறையிற் பெற்றுள்ளன. அதே மக்கள் நாள்தோறும் உண்ணும் பிட்டும் தயிரும் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. உண்பது அற்பமான விடயம் என்ற எண்ணமும், அடுக்களை பெண்களுக்குரியது என்ற எண்ணமும் இதற்குக் காரணங்களாகலாம். இவ்விரண்டும் ஒரே எண்ணத்தின் இரு முகங்கள் என்பதே எமது கருத்து.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் தூரதேசத்தது. சேர்பிய மக்களின் கிபனிற்சா என்னும் அடுக்குப் பணியாரத்தை மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஆரையம்பதியில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் முயற்சியாகும். பொருத்தமற்ற ஒப்பீடு எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயின் இரு நாடுகளும் ஒன்றையொன்று முற்றாக அறியாதன அல்ல. 1961இல் பெல்கிரேட்டில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாட்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்க கலந்துகொண்டார். 1976இல் கொழும்பில் நடைபெற்ற ஐந்தாவது மாநாட்டிற்கு மார்ஷல் டிட்டோ வந்தார். இரு நாடுகளும் பல்லின மக்களைக் கொண்டவை. இரண்டும் பின்னர் இனப்போரினாற் சிதைவுற்றவை. இந்த இறுதி ஒற்றுமையே எம்மை இப்பொருளின்பால் ஈர்த்தது.

கிபனிற்சா என்பது யாது? கோதுமை மாவைப் பிசைந்து, ஆறவிட்டு, மேசைமேல் விரித்த துணியிற் கைகளால் இழுத்து, மறுபக்கம் தெரியுமளவிற்கு மெல்லிய ஏடுகளாக்குவர். இவ்வேடுகளைச் சேர்பிய மொழியிற் ‘கோரெ’ என்பர்; மரப்பட்டை எனவும் அச்சொல் பொருள்படும். உதிர்த்த வெண்ணிறப் பாற்கட்டி, முட்டை, பால், கய்மாக் எனப்படும் புளித்த பாலாடை ஆகியவற்றைக் கலந்து ஒரு கூழ் செய்துகொள்வர். நெய் அல்லது பன்றிக்கொழுப்புப் பூசிய வட்டத்தட்டில் இரண்டு மூன்று ஏடுகளை விரிப்பர். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கூழில் தோய்த்து, கசக்கிச் சுருக்கித் தட்டை நிரப்புவர். மீண்டும் சில ஏடுகளால் மூடி வாட்டி எடுப்பர். நன்கு வெந்ததும் மேற்புறம் சிவந்து மொறுமொறுப்பாகவும், உட்புறம் ஈரமும் மென்மையுமுடையதாகவும் இருக்கும். சூட்டோடும் உண்பர், ஆறிய பின்னும் உண்பர்.

‘கிபதி’ என்ற வினையடியிலிருந்து இப்பெயர் தோன்றிற்று என்பர். அசைதல், வளைதல் என்பன அதன் பொருள். ஏடுகள் மடிந்து வளைந்து கிடத்தலின் இப்பெயர் பொருத்தமானதே. நவீன சேர்பிய எழுத்துமொழியை உருவாக்கிய வூக் கராஜிச் 1818இல் வெளியிட்ட அகராதியிலேயே இச்சொல் இடம்பெற்றுவிட்டது. அவ்வகராதி அரண்மனை மொழியையோ திருச்சபை மொழியையோ ஆதாரமாகக் கொண்டதன்று. குடியானவர் பேச்சினைச் சேகரித்து அமைக்கப்பட்டது. ஒரு பணியாரத்தின் பெயர் அகராதியேறுவது, அதனை உண்ணும் மக்கள் வரலாற்றிற் கணக்கெடுக்கப்படுவதற்கு அடையாளமாகும். பல்கேரியரின் பனிற்சா என்ற பெயரும் இதே அடியினின்று வந்ததென மொழியியலார் கருதுவர். சுலொவேனியாவிலும் குரோசியாவிலும் இதே பெயரில் வேறு பணியாரங்கள் உள. சுலொவேனியரின் பிரெக்மூர்யெக் கிபனிற்சா கசகசா, அக்றோட்டு, அப்பிள், தயிர்ப்பாற்கட்டி என்பவற்றை அடுக்கிச் செய்யும் இனிப்பு வகை. அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் மரபுணவு என்ற சட்டப் பாதுகாப்பினை வழங்கிற்று.

மெல்லிய ஏடுகளை அடுக்கும் கலை எங்கிருந்து வந்தது என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. உதுமானியத் துருக்கியர் ஆட்சியில் வந்ததென்பது பொதுவழக்கு. 1459இல் சிமெதெரெவோக் கோட்டை வீழ்ந்தது முதலாக 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை சேர்பியாவின் பெரும்பகுதி அவ்வாட்சிக்கு உட்பட்டிருந்தது. கய்மாக் என்ற சொல்லே துருக்கியச் சொல்தான். சார்ல்ஸ் பெரி என்னும் உணவு வரலாற்றாசிரியர் இதனை மேலும் பின்னோக்கிக் கொண்டுசென்றார். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிமொழி அகராதியில் மடித்த ரொட்டியைக் குறிக்கும் சொற்கள் காணப்படுகின்றன. இவற்றைக்கொண்டு, அடுக்கு ரொட்டியின் மூலம் மத்திய ஆசிய நாடோடி மேய்ப்பரிடம் உள்ளதென அவர் வாதித்தார். நாடோடிக்கு நிலையான அடுப்பறை இல்லை. தடித்த பாணை வேகவைக்கும் போறணையைக் குதிரைமேல் ஏற்றிச்செல்ல இயலாது. ஆகவே மெல்லிய ரொட்டிகளைக் கல்லில் வாட்டி ஒன்றன்மேலொன்றாக அடுக்குவதன் மூலமே தடித்த ரொட்டியின் சுவையை அவன் பெற்றான். பைசாந்தியரின் அடுக்குப் பணியார மரபினை முற்படுத்தி இக்கருத்தை மறுப்போரும் உளர். எது மூலமாயினும், கருவியின் போதாமையிலிருந்து ஒரு கலைநுட்பம் பிறக்கின்றது என்ற அவதானிப்பு எமக்கு மிகவும் பயனுடையது.

இனி ஆரையம்பதிக்கு வருவோம். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. பழைய வழக்கில் ஆரைப்பற்றை. ஆரைக் கீரை பற்றையாக வளர்ந்த இடமாதலின் அப்பெயர் வந்ததென ஊரார் கூறுவர். சூரியன் எழும் பக்கமாகிய இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் யாவரும் அறிந்ததே. எழுவான்கரை தென்னைக்கும் மீனுக்கும் உரியது. படுவான்கரை நெல்லுக்கும் எருமைக்கும் உரியது. மண்முனைத்துறையிற் ‘பாதை’ எனப்படும் மிதவையே நெடுங்காலம் இரு கரைகளையும் இணைத்தது. 2014இல் அவ்விடத்திற் பாலம் திறக்கப்பட்டது. தேங்காயும் கருவாடும் மேற்கே செல்ல, நெல்லும் தயிரும் கிழக்கே வந்தன. ஆரையம்பதியின் அடுக்களை இந்தப் பரிமாற்றத்தின் விளைபொருள் என்றால் மிகையாகாது.

பால்வளமுள்ள இப்பிரதேசத்திற் பாற்கட்டி ஏன் தோன்றவில்லை? சேர்பியக் குடியானவனுக்கும் பால் உண்டு; படுவான்கரைப் பட்டிக்காரனுக்கும் பால் உண்டு. ஒருவன் பாற்கட்டி செய்தான். மற்றவன் தயிர் செய்தான். சுவைபேதம் எனக் கூறி அமைதல் விளக்கமாகாது.

முதலாவது காரணம் பருவநிலை. பால்கன் மலைநாட்டிற் பசும்புல் வேனிலிலேதான் உண்டு. பனிக்காலத்திற் கால்நடை கொட்டிலில் அடைபட, பால் வற்றிப்போகும். எனவே வேனிற்பாலைப் பனிக்காலத்திற்குச் சேமித்தாக வேண்டும். பாலைத் திரித்து, நீரை வடித்து, உப்பிட்டு, மரத்தொட்டியில் உப்புநீரில் அமிழ்த்தி வைப்பின் மாதக்கணக்கில் இருக்கும். மட்டக்களப்பிலோ வாடைக்காற்று மழைக்குப் பின்னர் பால் மிகுதல் உண்மையாயினும், ஆண்டு முழுவதும் ஓரளவு பால் கிடைக்கும். மிகுதிப்பாலின் கொழுப்பு நெய்யாகச் சேமிக்கப்பட்டது. எஞ்சிய மோர் அன்றன்றே குடிக்கப்பட்டது. புரதத்தைச் சேமித்தல் வேண்டும் என்ற நெருக்குதல் இங்கு பாலின்மேல் விழவில்லை. அத்தேவையை வாவியும் கடலும் நிறைவுசெய்தன. உப்பிட்டு உலர்த்திய கருவாடே எழுவான்கரையின் பாற்கட்டி எனலாம்.

இரண்டாவது காரணம் நம்பிக்கைசார்ந்தது. மேலை நாடுகளின் பாற்கட்டி பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளாலேயே திரிக்கப்பட்டது. பசுவின் பாலைக் கன்றின் குடலாற் கெட்டியாக்குதல் சைவ ஆசாரமுடைய வீட்டின் அடுக்களையில் நினைத்தும் பார்க்கவியலாத செயல். புளியிட்டுத் திரிக்கும் முறையும் இங்கே பரவவில்லை. பால் திரிதல் தீநிமித்தம் என்னும் எண்ணம் அதற்குத் தடையாயிற்று. திரிந்த பாலைக் கொட்டிவிடுவதே வழக்கம். வங்காளத்திற் பாலைத் திரித்து இனிப்புச் செய்யும் வழக்கு போர்த்துக்கேயர் தொடர்பால் வலுப்பெற்றதென அச்சயா முதலிய உணவு வரலாற்றாசிரியர் கூறுவர். ஹூக்ளியை அடுத்த பண்டேலிற் செய்யப்படும் பாற்கட்டி இன்றும் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகின்றது. மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயர் 1628இற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில், 1638இல், அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய பறங்கியர் சமூகம் இங்கே நிலைத்தது, பாண் என்ற சொல்லும் பொருளும் நிலைத்தன, பாற்கட்டி நிலைக்கவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடாது அப்பாற் செல்ல முடியாது. சேர்பியர் கீழைத்தேய வைதிகத் திருச்சபையைச் சார்ந்தோர். அவர்தம் நோன்பு நாட்களில் இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்கப்படும். பால் அங்கே ஊனின் பக்கத்தில் நிற்கின்றது. ‘சிலாவா’ எனப்படும் குடும்பப் புனிதர் திருநாள், யுனெஸ்கோ 2014இற் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது, நோன்பு நாளில் அமையுமாயின் விருந்தில் கிபனிற்சாவுக்கு இடமில்லை. எமது மரபிலோ பால் மரக்கறியின் பக்கத்தில் நிற்கின்றது. விரதத்திற்கு உரியதாய், தெய்வத்திற்கு உகந்ததாய் உள்ளது. வைகாசியிற் கிழக்கின் கண்ணகை அம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, கோபமுற்ற தெய்வத்தைக் குளிர்விப்பது. தயிரும் குளிர்ச்சியான பொருளாகவே கொள்ளப்படுகின்றது. ஒரே வெண்ணிறத் திரவத்தை ஒரு சமுதாயம் ஊனென்றும் மற்றொன்று தூய்மையென்றும் வகுத்தமை, தூய்மை என்பது பொருளின் இயல்பன்று, சமூகத்தின் கற்பிதம் என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

தயிரின் தொழில்நுட்பமும் சிறிது நோக்கற்பாலது. எருமைப்பாலிற் கொழுப்பு ஏறத்தாழ 7 அல்லது 8 வீதம். பசும்பாலில் 4 வீதமளவே. பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறவிட்டு, உறைமோர் இட்டு மண்சட்டியில் வைப்பர். பால்நுண்ணுயிர்கள் பாலின் வெல்லத்தைப் புளிப்பாக்க, புரதம் உறைகின்றது. மண்சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்குகின்றன. இதனால் தயிர் இறுகுவதோடு குளிர்ச்சியும் அடைகின்றது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் என வியாபாரிகள் பெருமை பேசுவது இதனாலேயே. பாற்கட்டி செய்வோர் நீரை வடித்து அகற்றுகின்றனர். எம்மவர் அதனைச் சட்டியே குடிக்கவிடுகின்றனர். தயிரின் தொன்மையைச் சங்கப் பாடல்களிலேயே காணலாம். கணவனுக்காகத் தன் கையாலே தயிர் பிசைந்து புளிக்குழம்பு சமைத்த இளம் மனைவியைக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் காட்டும். மோர் விற்று, நெய்க்குப் பொன் பெறாது எருமையும் பசுவும் பெற்ற ஆய்மகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டும். முன்னவள் உழைப்பு அன்பாகவும், பின்னவள் உழைப்பு வணிகமாகவும் பாடப்பெற்றுள்ளன.

பட்டி யாருடையது என்ற வினா இங்கே எழுகின்றது. படுவான்கரையில் நிலமும் பட்டியும் போடியாருடையன. வயலில் உழைத்தவன் வயற்காரன்; அவர்களை நடத்தியவன் முல்லைக்காரன்; காட்டோரம் பட்டியைக் காத்தவனோ பெரும்பாலும் தனக்கென ஒரு எருமை இல்லாதவன். மாட்டின் உடலிற் சுடப்பட்ட குறி உடைமையையும் குடியையும் அறிவித்தது. எருமை பாலுக்கு மட்டும் வளர்க்கப்பட்டதன்று. வயலை மிதித்துச் சேறாக்கியதும், களவெட்டியிற் சூடு மிதித்ததும் அதுவே. உழவுயந்திரம் வந்தபின் எருமை அவ்விரு தொழில்களையும் இழந்தது. தயிருக்காக மட்டும் எஞ்சியது. தயிரை இன்று மட்டக்களப்பின் பண்பாட்டுச் சின்னமாகப் போற்றுவோர், அது ஒரு வேளாண்மை முறையின் சிதைவில் எஞ்சிய துண்டு என்பதை மறத்தலாகாது.

பாலைவிட மாவே அடுக்குணவின் தன்மையை நிர்ணயிக்கின்றது. கோதுமை மாவை நீரிற் பிசையும்போது அதன் புரதங்கள் இணைந்து இழுபடும் பசைவலை ஒன்று உருவாகின்றது. சேர்பியப் பெண் மாவைப் பிசைந்து ஆறவிடுவது இவ்வலையை வளர்ப்பதற்கே. அதன் பலத்தாலேயே ஏடு கிழியாது விரிகின்றது. அரிசி மாவில் இப்பசைவலை உண்டாகாது. அதனை ஏடாக இழுக்க முடியாது, உதிர்க்கத்தான் முடியும். எனவே எம்மவர் அடுக்கினை வேறு வழியிற் கண்டனர். பிசறி உதிர்த்த மாவை ஒரு பிடியும் தேங்காய்ப்பூவை ஒரு பிடியும் மாறிமாறி மூங்கிற் பிட்டுக்குழலில் இட்டு ஆவியில் அவித்தனர். குழற்பிட்டு ஓர் அடுக்குணவு. அங்கே பாற்கட்டி இருந்த இடத்தில் இங்கே தேங்காய்ப்பூ. அங்கே வாட்டும் தணல், இங்கே ஆவி.

கோதுமை இலங்கையில் விளைவதன்று. இரண்டாம் உலகப்போரில் 1942இற் பர்மா அரிசி தடைப்பட்டபோது பங்கீட்டு உணவாகக் கோதுமை மா எமது வீடுகளுட் புகுந்தது. பின்னர் வெளிநாட்டு உதவியாகவும் கடனாகவும் வந்தது. 1980இல் திருகோணமலையிற் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கிழக்கு மாகாணமே கோதுமை மாவின் வாயிலாயிற்று. எமது பெண்கள் இப்புதிய மாவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது வியப்புக்குரியது. அவர்கள் அதனைத் துணியிற் கட்டி முதலில் ஆவியில் அவித்து, அரித்து, அதன்பின்னரே பிட்டுக்குக் குழைத்தனர். அவித்தலால் பசைவலை உருவாகும் ஆற்றல் கெடுகின்றது. கோதுமை அரிசிபோல் உதிர்கின்றது. சேர்பியப் பெண் எந்தக் குணத்தை அரும்பாடுபட்டு வளர்த்தாளோ அதனையே மட்டக்களப்புப் பெண் திட்டமிட்டு அழித்தாள். எந்த ஆய்வுகூடமும் அவளுக்கு இதைக் கற்பிக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் மாவைத் தன் குழலுக்கு ஏற்பப் பணியவைத்த இச்செயலை நாட்டார் அறிவியல் என்று கூறாது வேறெவ்வாறு கூறுவது?

கோதுமையை அதன் இயல்புப்படி இழுத்து மடித்து அடுக்கும் கலையும் வாவிக்கரையில் உண்டு. அது வீச்சு ரொட்டி. எண்ணெயில் ஊறிய மாவுருண்டையைத் தட்டி, வீசி, ஏடாக்கி, மடித்துக் கல்லில் வாட்டும் ஒருவர் சேர்பியாவின் அடுக்களையில் அந்நியராக இருக்கமாட்டார். ஆயின் ஒரு வேறுபாடு: இங்கே அது கடைத்தெருவிற் கூலிக்குச் செய்யும் ஆண்களின் தொழில். சேர்பியாவிலும் நகரத்துப் புரெக் கடைகளில் ஆண்களே நின்றனர். வீட்டில் ஏடு இழுத்தவள் பெண். கூலியுள்ள இடத்தில் ஆணும், கூலியில்லாத இடத்தில் பெண்ணும் நிற்கும் இந்த ஒழுங்கு எந்தத் தேசிய மரபுக்கும் தனித்துவமானதன்று.

குடும்ப அமைப்பினையும் இத்தொடர்பிற் குறிப்பிடலாம். தென் சிலாவியரின் பழைய சட்ருகாக் கூட்டுக்குடும்பம் தந்தைவழியது. சகோதரர் ஒன்றாக வாழ, மருமகள்மார் முறைவைத்துச் சமைத்தனர். மட்டக்களப்பிலோ வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றது. மருமகன் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். தமிழரிடையே மட்டுமன்றி அயலிலுள்ள முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடியும் இவ்வழக்கும் உண்டென்பதை மக்கில்வ்ரே முதலிய மானிடவியலாளர் விரிவாக எழுதியுள்ளனர். அங்கே கைப்பக்குவம் மாமியிடமிருந்து மருமகளுக்கு, ஓரளவு கண்டிப்புடன், கைமாறியது. இங்கே அது தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. ஒரே வளவில் தாயும் மகளும் வாழும் அமைப்பில், சமையல் எழுத்திலேறாமலே தலைமுறைகளைக் கடந்தமைக்கு இது ஒரு காரணமென எண்ண இடமுண்டு.

இனி, இக்கட்டுரைக்கு எம்மைத் தூண்டிய விடயத்திற்கு வருகின்றோம். கிழக்கிலங்கைத் தமிழர் முஸ்லிம்கள் உறவினைப் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்பது நெடுநாள் வழக்கு. ஊருக்கு ஊர் மாறிமாறி அமைந்த குடியிருப்புகள் குழற்பிட்டின் அடுக்குகளையே நினைவூட்டும். ஆரையம்பதியும் காத்தான்குடியும் அத்தகைய இரண்டு அடுக்குகள். யூகோசிலாவியாவிலோ ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்பது அரசின் முழக்கமாக இருந்தது. ஒன்று அடுக்களையிற் பிறந்த உவமை; மற்றது மேடையிற் பிறந்த முழக்கம். இரண்டுமே 1990களின் தீயில் மக்களைக் காக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர், குழந்தைகள் உட்பட, இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். வாவியின் மறுகரையில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில், 1987 ஜனவரியிலும் 1991 யூனிலும் நிகழ்ந்த படுகொலைகளும் மறக்கற்பாலன அல்ல. சந்தைகள் பிரிந்தன, தயிரும் மீனும் சென்ற வழிகளில் அச்சம் குடிகொண்டது.

பிட்டு உவமையை இன்றும் மேடைகளிற் பலர் கூறக் கேட்கின்றோம். அதனை நாம் நிராகரிக்கவில்லை. ஆயின் உற்றுநோக்க வேண்டுமென்கிறோம். இவ்வுவமையிற் பிட்டு யார், தேங்காய்ப்பூ யார் என்ற வினா எழுந்தவுடன் பெரும்பான்மை சிறுபான்மை மனோபாவம் தலைகாட்டுகின்றது. மேலும், குழலுக்குள் அடுக்குகள் ஒட்டி நிற்பது ஆவியின் அழுத்தத்தால். தட்டில் தள்ளியதும் அவை உதிர்ந்துவிடும். இரு சமூகங்களையும் ஒட்டவைத்தது நல்லெண்ணம் மட்டுமன்று. நெல்லுக்கும் துணிக்கும், தயிருக்கும் மீனுக்கும் இடையே நிகழ்ந்த கொள்வனவும் விற்பனவுமே அடித்தளமாக இருந்தன. அந்தப் பொருளியற் பிணைப்பு அறுந்தபோது உவமை மட்டும் எஞ்சியது. யூகோசிலாவியாவின் கதையும் இத்தகையதே. நாடு பிளவுண்டபின் பணியாரத்தின் பெயரிலும் வழக்காடுகின்றனர்: இறைச்சி வைத்ததே புரெக், ஏனையவற்றை அவ்வாறு அழைத்தல் தவறு எனப் பொஸ்னியர் கூற, பாற்கட்டி வைத்ததையும் புரெக் என்றே சேர்பியர் கூறுவர். ஒரே மாவை ஒரே விதமாக இழுத்த கைகளுக்கு இடையே இவ்வழக்கு நடைபெறுகின்றது.

பாலின் நிலைமையோ இன்று வேறொரு முனையில் நெருக்கடிக்குள்ளாகியுள்ளது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இறக்குமதிப் பால்மா நாட்டின் தேநீர்க் கோப்பைகளை ஆட்கொண்டது. பால்வளமுள்ள மட்டக்களப்பின் தேநீர்க் கடைகளும் இதற்கு விலக்கல்ல. உள்ளூர்ப் பாலுக்குத் தயிரே முக்கிய புகலிடமாயிற்று. அத்தயிருக்கும் மேய்ச்சற்றரை வேண்டும். மாவட்டத்தின் மேற்கெல்லையில், மகாவலித் திட்டப் பிரதேசத்துக்குட்பட்ட மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களில் வெளியிலிருந்து வந்தோர் பயிர்செய்யத் தொடங்கியதால், கால்நடைகள் அடைபட்டும் காயமுற்றும் மடிந்தும் போயின. இதனை எதிர்த்து 2023 செப்டெம்பரிற் பால்பண்ணையாளர் சித்தாண்டியில் தொடர்போராட்டத்தில் இறங்கினர். சட்டியிற் தயிரைக் காண்போர் அதன்பின்னுள்ள புல்லைக் காண்பதில்லை. பயிர்ச்செய்கைக் காலத்திற் பட்டி வயலோரத்தில் நிற்க இயலாது. அது செல்லும் தொலைவான தரை அடைபடின், சில பருவங்களிலேயே பட்டிகள் விற்கப்பட்டுவிடும். விற்ற எருமையை மீட்டுப் பெருக்குதல் எளிதன்று. பத்து மாதத்திற்கு மேற்பட்ட சினைக்காலமுடைய விலங்கு அது.

செய்முறையில் ஆர்வமுடையோருக்கு ஒரு குறிப்பு. கிபனிற்சாவை வாவிக்கரைப் பொருள்களைக் கொண்டே ஓரளவு செய்துகொள்ளலாம். எருமைத் தயிரை மெல்லிய துணியிற் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு நீரை வடிக்கவேண்டும். உப்புச் சேர்த்துப் பிசைந்தால் அது பாற்கட்டியின் இடத்தை நிரப்பும். காய்ச்சிய பாலின் ஆடையைத் திரட்டிச் சேர்த்தல் கய்மாக்கிற்கு ஈடாகும். இவற்றோடு முட்டையும் சிறிது பாலும் கலந்து, வீச்சு ரொட்டிக்கு இழுத்த ஏடுகளை வாட்டாமலே அதில் தோய்த்து, நெய் பூசிய சட்டியிற் கசக்கி அடுக்கவேண்டும். போறணை இல்லாத வீட்டிற் சட்டியை மூடி, கீழும் மேலும் தணலிடலாம். சேர்பியக் குடியானவரும் முற்காலத்தில் மண்தட்டை மூடியால் மூடி, அதன்மேல் தணலைக் குவித்தே வாட்டினர். எமது நாட்டுப் பணியாரங்கள் சிலவற்றுக்கும் மேல்நெருப்பு கீழ்நெருப்பு என்பது பழைய முறைதான். தயிர் புளிப்புடையதாதலின் சுவை சற்று வேறுபடும். புளிப்பேறாத முதல்நாட் தயிரைக் கொள்வது நலம்.